மாரினுக்குப் பூசிய எண்ணெய்

மாரின் செத்துப்போனான், உடனே வந்து சவரம் செய்துவிட்டுப் போ என்று அவனுடைய அண்ணன் அந்துன் ஆளனுப்பியபோது நான் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். செத்தவன் எங்கே எழுந்து ஓடிவிடப் போகிறான் என்று சூப்பை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். என்னிடம் உயிரோடிருப்பவர்களுக்கு இரண்டு கத்திகளும் இறந்தவர்களுக்கென்று ஒரு கத்தியும் உண்டு. அந்த ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருப்பேன். அன்றைக்கு அதை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

உலகச் சண்டை முடிந்து எட்டாவது வருஷம், செப்டம்பர் கடைசி. எங்கள் ஊரில் மூன்று தெருக்கள். மாரினின் ஆட்களான கத்தோலிக்கர்களுக்கு ஒன்று, செர்பிய ஆர்த்தடாக்ஸ்காரர்களுக்கு ஒன்று, லுத்தரன்களான ஸ்லோவாக்கியர்கள் எங்களுக்கு ஒன்று. மூன்றும் போய் முடிவது சணல் ஊறப்போடும் குளத்தில்தான். அந்த மாதத்தில் குளத்து நாற்றம் ஜாதி, மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்து தலையணை உறை வரைக்கும் ஏறிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று, ஊறின கட்டுகளைச் சேற்றோடு தூக்கிக் கரையில் எறிய வேண்டும். அந்தத் தண்ணீரில் நின்றுதான் மாரினுக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் வந்தது.

நான் உள்ளே போனபோது சுவர்க் கடிகாரம் நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணாடிமேல் துணி போட்டிருந்தார்கள். இரண்டும் அந்துனின் மனைவி மாந்தாவின் கைவேலை. சாவு வீட்டில் செய்ய வேண்டியதையெல்லாம் அவள் அரை நாள் முன்னதாகவே செய்து முடிக்கிறவள். மேசைமேல் கோதுமை மாவு நிரப்பிய கிண்ணம், அதில் குத்தி வைத்த ஏழு மெழுகுவத்திகள். செர்பியத் தெருவின் சாமியார் பொருள்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவரைத் தாடிச்சாமி என்போம். என் தொழிலுக்கு அவர் பரம எதிரி. கத்தோலிக்க வீட்டில் இவருக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே மாரினின் கன்னத்தில் சோப்பைத் தடவினேன். கன்னம் சூடாக இருந்தது. ஜுரத்தில் போனவனுக்குச் சூடு தணியக் கொஞ்ச நேரமாகும், எனக்குத் தெரியாததா? இடது பக்கம் முழுவதும் வழித்துவிட்டு மோவாய்க்கு வந்தேன்.

"மச்சத்தப் பாத்து," என்றான் மாரின்.

மாந்தா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். மாரினின் மனைவி பெர்சிதா கட்டிலண்டை முட்டி போட்டு அவன் கையைப் பிடித்து முத்தமிட்டு முத்தமிட்டு அழுதாள். பாதி முகத்தை மழித்து மீதியை விட முடியாது. அதே கத்தியால் மறுபக்கத்தையும் முடித்தேன். வேறு கத்தி நான் கொண்டுவரவில்லை.

மாரின் தன் நெற்றியைத் தொட்டான். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"எனக்கு அவஸ்தை பூசிட்டாங்களா?" சாகப்போகிறவனுக்குப் பூசும் கடைசி எண்ணெயைக் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"பூசியாச்சுடா தம்பி," என்றான் அந்துன்.

"ஐயோ, அவஸ்தை இல்லைங்க," என்றாள் பெர்சிதா. "சொகமாகறதுக்குப் பூசினது. எங்க சாமி பூசினாரு. அதான் எந்திரிச்சுட்டீங்களே!"

மாரின் அவளைப் பார்த்தான். ரொம்ப தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

நடந்தது என்னவென்று அப்புறம் பெர்சிதா என்னிடம் சொன்னாள். அவள் செர்பியத் தெருவில் பிறந்து கத்தோலிக்கத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை கிடையாது, மாரினை விட்டால் அந்தத் தெருவில் அவளுக்கு யாரும் கிடையாது. கத்தோலிக்கச் சாமியார் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார். இவள் தன் தெருவுக்கு ஓடியிருக்கிறாள்.

"தாடிச்சாமி முதல்ல மாட்டேன்னுட்டாரு அண்ணே. 'அவன் நம்ம ஆள் இல்லையேம்மா'ன்னாரு. 'உங்கள்ல ஒருத்தனுக்குச் சீக்கு வந்தா, எண்ணெ பூசி ஜெபம் பண்ணுங்கன்னுதானே சாமி நீங்க கோயில்ல படிச்சீங்க? எந்தத் தெருவுல ஒருத்தன்னு படிக்கலையே'ன்னேன். பேசாம பைய எடுத்துக்கிட்டு வந்துட்டாரு."

அவளுடைய தெருவில் தலைவலி, முழங்கால் வலிக்குக்கூட எண்ணெய் பூசிக்கொள்வார்கள். ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை நோயில்லாதவர்களும் வரிசையில் நின்று நெற்றியைக் காட்டுவார்கள். கத்தோலிக்கத் தெருவில் எண்ணெய் வருவது ஒரே ஒரு தடவை, அதுவும் பெட்டிக்கு அளவெடுத்த பிறகு. அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு பிழைத்தவனை அவர்கள் பிழைத்தவன் என்று எண்ணுவதில்லை. அவன் கறி தின்னக் கூடாது, பெண்டாட்டியோடு படுக்கக் கூடாது, வெறுங்காலோடு மண்ணில் நடக்கவே கூடாது. மண்ணுக்கு வெறுங்கால் அடையாளம் தெரிந்துவிடுமாம்.

இதெல்லாம் கிழவிகளின் கதை என்று சிரிக்கிறவன்தான் மாரின். இப்போது அவன் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் ஜுரம் விட்டு எழுந்தவன் முதல் வேலையாகப் பூட்ஸைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். பெர்சிதா கோழியடித்துக் குழம்பு வைத்தாள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றான். சோளத்தோகை மெத்தையை அவளுக்கு விட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான். பகலெல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அடுப்படியில் அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வான். அவனாக ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வீடு வீடாகப் போய் மழித்துக்கொண்டு மாரினிடம் வந்தேன். சோப்பைக் குழைத்துக் கன்னத்தில் விரலை வைத்தேன். வழுவழுவென்று இருந்தது. ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஜுரம் கண்டவனுக்கு முடி மெதுவாக வளரும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு சும்மா இழுத்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை பெர்சிதா வாளியோடு வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"அண்ணே, கத்தியில ஒண்ணும் வரலையே?"

"வருதே. பொடிமுடி, உனக்கு அங்கேர்ந்து தெரியாது," என்றேன்.

நான் லுத்தரன். பேய், பிசாசு, மந்திரித்த எண்ணெய் எதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கறுப்புத் துணியைப் பிரித்து அந்தக் கத்தியைப் பார்த்தேன். மறுபடி சுற்றிப் பரண்மேல் ஏற்றினேன். என் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

கத்தோலிக்கச் சாமியார் ஊர் திரும்பினார். நல்ல மனுஷர், அவரே மாரின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "அவஸ்தை ஆத்துமாவுக்குப் பலம் கொடுக்கறதுக்குடா. ஒடம்பு தேறணும்கிறது ஆண்டவர் சித்தமா இருந்தா ஒடம்பும் தேறும். திருச்சபையில எங்கயும் பொழச்சவன் கறி தின்னக் கூடாதுன்னு சொல்லல. எந்திரி, பூட்ஸக் கழட்டு," என்றார்.

அவர் போனதும் மாரின் சொன்னான்: "சாமிக்கு என்ன தெரியும்? அவருக்கு இன்னும் பூசலையே."

பெர்சிதா என்னிடம் வந்தாள். "உங்கிட்ட வேதப்புத்தகம் இருக்குல்ல அண்ணே? எங்க தெருவுல புத்தகம் கோயில்ல மட்டுந்தான். நீ வந்து அதுல என்ன போட்டிருக்குன்னு அவரு காதுபடப் படி."

ஞாயிறு மத்தியானம் எடுத்துக்கொண்டு போனேன். அந்துனும் மாந்தாவும் வந்திருந்தார்கள். பெர்சிதா பூசணிக்காயை அடுப்பில் சுட்டு வைத்திருந்தாள். யாக்கோபு எழுதின கடுதாசியில் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து, ஸ்லோவாக்கிய மொழியில் இருந்ததை அவர்களுக்குப் புரிகிற மாதிரி படித்தேன். நோயாளி சபையின் பெரியவர்களைக் கூப்பிடட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், நம்பிக்கையோடு செய்த ஜெபம் அவனைக் காப்பாற்றும், ஆண்டவர் அவனை எழுப்புவார்.

"கேட்டீங்களா!" என்று பெர்சிதா கையைத் தட்டினாள். "எழுப்புவாரு! படுக்கையிலேர்ந்து எழுப்புவாரு. எழுப்பிட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"படுக்கையிலேர்ந்து எழுப்ப ஆண்டவர் எதுக்கு?" என்றான் அந்துன். "ஒரு செம்புத் தண்ணிய மூஞ்சில ஊத்தினா எந்திரிச்சுட்டுப் போறான். குழியிலேர்ந்து எழுப்பத்தான் ஆண்டவர் வேணும். கடைசி நாள்ல எழுப்புவாருன்னு அர்த்தம். அதுக்கு முன்கூட்டியே போட்டு வைக்கிற அடையாளந்தான் அவஸ்தை."

"அப்ப காப்பாத்தும்னு போட்டிருக்கே?"

"நரகத்துலேர்ந்து காப்பாத்தும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். புத்தகம் கையில் இருந்தால் எங்களவர்களால் சும்மா இருக்க முடியாது. "எங்க போதகர் சொல்றது வேற," என்று ஆரம்பித்தேன். "அந்தக் காலத்துல டாக்டர் ஏது? புண்ணுன்னாலும் சரி, ஜுரம்னாலும் சரி, எண்ணெய்தான் மருந்து. மருந்து போட்டு ஜெபமும் பண்ணுங்கன்னு எழுதி வச்சாரு. விஷயம் அவ்வளவுதான். இன்னைக்கு ஆஸ்பிரின் வந்தாச்சு."

"உங்க போதகரு சாவறப்போ நெத்தியில ஆஸ்பிரின் தடவிக்கச் சொல்லு," என்றாள் மாந்தா.

எல்லோரும் சிரித்தோம். பெர்சிதாவும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாதமாகியிருந்தது. அப்போது பெஞ்சிலிருந்து மாரின் கேட்டான்.

"எழுப்புவாருன்னு இருக்கே, எப்பன்னு போட்டிருக்கா?"

புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி பார்த்தேன். "இல்ல. எப்பன்னு போடல."

"அதான்," என்றான் மாரின்.

கிளம்பும்போது அவன் வேலி வரைக்கும் என்னோடு வந்தான். முற்றத்து வாத்துகள் எனக்கு இறக்கையை அடித்துக்கொண்டு வழிவிட்டன. அவன் நடந்தபோது அவை திரும்பியும் பார்க்கவில்லை, அவன் கால்மேலேயே ஏறிப் போயின. வேலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பேரைச் சொல்லி ஆரம்பித்தான்.

"ஒந்திரேய், அவகிட்ட சொல்லாத. அன்னைக்கு ஜுரத்துல ஒரு எடத்துல நின்னேன். வரிசையா ஆளுங்க, பட்டாளத்துல நிக்கற மாதிரி. எங்க அப்பா இருந்தாரு. சண்டையில என் பக்கத்துல செத்த பயலுக இருந்தானுக. ஒருத்தர் பேர் படிச்சாரு. என் பேரும் வந்துச்சு."

"கனவுடா."

"'இருக்கேன்'னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்பறந்தான் நீ சோப்புத் தடவின."

அவன் தோளைத் தட்டிவிட்டு வேகமாக நடந்தேன். பயந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள இவ்வளவு வருஷமாகியிருக்கிறது.

அக்டோபர் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் சணலைக் கரையேற்றி உலர்த்தி நார் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாரினின் நாற்பது கட்டு மட்டும் குளத்தடியில் கிடந்தது. அதிகம் ஊறினால் நார் கையோடு குழைந்து வந்துவிடும், ஒரு வருஷத்து உழைப்பு போய்விடும். குளத்து அடிச்சேற்றில் பூட்ஸோடு இறங்க முடியாது, சிக்கிக்கொள்ளும். வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும். மாரின் கரைக்குக்கூட வரவில்லை. அந்துன் உதவிக்கு வருகிறேன் என்றான், ஆனால் தம்பியின் பங்கை எடுத்துக்கொள்கிறவன் பேசுகிற மாதிரி பேசினான். பெர்சிதா அவனைத் துரத்திவிட்டாள்.

நவம்பர் முதல் தேதி பிற்பகலில் கத்தோலிக்கர்கள் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போவதுண்டு. மாரினின் குடும்பத்துக்கு அங்கே இருப்பது நான்கு பேர். தாத்தா, அப்பா, அம்மா, பிறந்தவுடனே போன ஒரு தங்கச்சி. மாந்தா ஐந்து மெழுகுவத்தி ஏற்றினாள்.

"அஞ்சாவது யாருக்கு?" என்று பெர்சிதா கேட்டாள்.

"ஏம்மா கோவப்படுற? கொழுந்தனாருக்குத்தான். பாவம், அங்க இருட்டுல நிக்க வேணாமேன்னுதான்," என்றாள் மாந்தா. அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்றடித்தது. ஐந்தாவது மெழுகுவத்தி சாய்ந்து அணையப் போயிற்று. பூட்ஸோடு பக்கத்தில் நின்ற மாரின் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பொத்திக் காப்பாற்றினான். தன்னுடையதைத் தானே அணையாமல் பார்த்துக்கொண்டு அவன் நின்றதை நான் பார்த்தேன், பெர்சிதாவும் பார்த்தாள். அவள் உடனே கல்லறையை விட்டு வெளியேறினாள்.

மறுநாள் காலை அவள் தாடிச்சாமியிடம் போய் எனக்கும் பூசுங்கள் என்றாளாம். இதை அவரே என்னிடம் சொன்னார்.

"உனக்கென்னம்மா சீக்கு?"

"புருஷன் சீக்கு சாமி."

"அது யாருக்குத்தான் இல்ல? அதுக்கெல்லாம் எண்ணெ கெடையாது."

"சீக்கு வந்தா கூப்புடுன்னுதானே இருக்கு, என்ன சீக்குன்னு இல்லையே. தின்ன முடியல, தூங்க முடியல, வீட்டுல பேச ஆளில்ல. இது சீக்கு இல்லையா?"

அவளோடு பேசி ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். மாவுக் கிண்ணத்தில் ஏழு வத்தி ஏற்றி, நெற்றி, மூக்கு, கன்னம், உதடு, நெஞ்சு, இரண்டு உள்ளங்கை, புறங்கை என்று ஒன்று விடாமல் பூசியிருக்கிறார். அவள் முகத்தைத் துடைக்காமல் கோயிலிலிருந்து வந்து கத்தோலிக்கத் தெருவின் நடுவே நடந்தாள். வெயில் பட்டு முகம் பளபளத்தது. வீட்டு வாசலிலிருந்த மாரினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். அந்துனும் மாந்தாவும் பின்னாலேயே ஓடினார்கள். தெருவில் பாதிப் பேர் போனோம்.

குளத்தோரத்தில் கண்ணாடித் தாள் மாதிரி பனி கட்டியிருந்தது. பெர்சிதா செருப்பை உதறிவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். பனி உடைகிற சத்தம் கேட்டது. இடுப்பளவு போனதும் கரையில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாப் பாருங்க. அதே எண்ணெ. அதே சாமி. உங்களுக்கு எங்கெங்க பூசினாரோ அங்கெல்லாம் எனக்கும் பூசியாச்சு. உங்காளுங்க கணக்குப்படி நானும் செத்தவ. எங்காளுங்க கணக்குப்படி நீங்களும் பொழச்சவரு. எந்தக் கணக்குன்னாலும் எனக்குச் சம்மதம். ரெண்டு பேரும் ஒரே கணக்குல இருக்கணும், அவ்வளவுதான்."

மாந்தா சிலுவை போட்டுக்கொண்டு, "பாவி, உசுரோட இருக்கறவ இப்படிப் பேசலாமா?" என்றாள்.

"உசுரோட இருக்கறவருக்கு நீ வத்தி ஏத்தலாமா அக்கா?"

மாரின் முகத்தில் ஏதோ அசைந்தது. "ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றான்.

"தனியா இருக்க முடியல," என்றாள். அதுவரைக்கும் தெருவே அதிரப் பேசினவள் அந்த மூன்று வார்த்தையில் உடைந்து அழுதாள். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

அவன் கரையில் உட்கார்ந்தான். ஒரு பூட்ஸைக் கழற்ற வெகு நேரமாயிற்று, ஒரு மாதமாகக் கழற்றாத பூட்ஸ். அடுத்ததையும் கழற்றினான். பாதம் இரண்டும் வெள்ளைவெளேரென்று இருந்தன. அந்துன், "தம்பி, மண்ணு... மண்ணு..." என்று ஏதோ சொல்லவந்து நிறுத்தினான். மாரின் மண்ணில் காலை வைத்தான். எல்லோரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரில் இறங்கி அவளிடம் போய்ச் சேர்ந்தான்.

நாற்பது கட்டையும் இரண்டு பேருமே தூக்கினார்கள். யாரும் உதவிக்கு இறங்கவில்லை, இறங்கப் பயம். வேலை நடுவில் மாரின் என்னவோ சொன்னான், அவள் ஒரு கை சேற்றை அள்ளி அவன்மேல் எறிந்தாள். கரையில் நின்ற எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் குளிரில் மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்களிடமிருந்து வருகிறதா என்று பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்ததால் சரியாகத் தெரியவில்லை என்றுதான் இன்றுவரை கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

சனிக்கிழமை போனேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் மிளகாய்த்தூள் போட்ட மீன் கொதித்தது, பன்றிக்கொழுப்பு தாளித்த மணம் வாசல் வரைக்கும் வந்தது. மாரின் பெஞ்சில் உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு முகத்தைக் காட்டினான். பெர்சிதா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எந்தக் கணக்குல வந்தடா?" என்று அவன் காதோடு கேட்டேன்.

"அவகிட்டக் கேட்டுக்கல. கேட்டா சொல்லிப்புடுவா," என்றான்.

சோப்பை நுரைக்க நுரைக்கக் குழைத்தேன். கன்னத்தில் விரலை வைத்தேன். சோப்பைத் தடவிக் கத்தியை இழுத்தேன். இடது பக்கம், வலது பக்கம், மச்சத்தைச் சுற்றி, மோவாய்க்கடியில். முள்முடியில் கத்தி போனால் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அடுப்பில் மீன் கொதிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"வளந்திருக்கா அண்ணே?" என்றாள் பெர்சிதா. மாவிலிருந்து கையை எடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"வளந்திருக்கு."

"நல்லாவா?"

"நல்லா வளந்திருக்கு. காடு மாதிரி."

அவள் பிசைவதை நிறுத்தினாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"சரி," என்றாள். "அடுத்த வாரமும் வந்து சொல்லு."

ஒன்பது வருஷம், வாராவாரம் போய்ச் சொன்னேன்.